நான்கு மாதம் மூத்தவள்

என் மகள் பிறந்தது அக்டோபரில், தீபாவளிக்கு இரண்டு நாள் முன்பு. ஆனால் அவளுடைய பள்ளிச் சான்றிதழ்களில் எல்லாம் ஜூன் ஐந்து என்றுதான் இருக்கும். அந்தத் தேதியைப் போட்டது நான்.

அப்போது அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு ஏற்றுமதித் துணி கம்பெனியில் எனக்கு மறுபடி வேலை கிடைத்திருந்தது. பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை. கள்ளிக்குப்பத்தில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்துப் பள்ளியிலோ, ஜூலைக்குள் மூன்று வயது முடிந்தால்தான் எல்கேஜி என்றார்கள். பிறப்புச் சான்றிதழை அப்புறம் தருகிறேன் என்று சொல்லிவிட்டு, எதற்கும் இருக்கட்டும் என்று ஜூனைப் போட்டேன். அப்புறம் யாரும் கேட்கவில்லை, நானும் கொடுக்கவில்லை. என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டதுகூட நினைவிருக்கிறது.

எல்கேஜியிலிருந்து பிளஸ் டூ வரை அவளுக்கு ஒரே தோழி, அடுத்த தெருப் பெண். அவள் ஜூலையில் பிறந்தவள், நிஜமாகவே. ஒவ்வொரு அக்டோபரிலும் எங்கள் வீட்டில் கேக் வெட்டும்போது முதல் ஆளாக வந்து நிற்பாள்.

பிளஸ் டூவில் இருவரும் பள்ளியில் முதலிடம். மொத்த மதிப்பெண்ணும் ஒன்றேதான், ஒவ்வொரு பாடத்திலும் அப்படியே. பூந்தமல்லி தாண்டி ஒரு தனியார் பல்கலைக்கழகம், பள்ளிக்கு ஒருவர் என்று, முதலாவதாக வருபவருக்கு நான்கு வருட இன்ஜினியரிங்கையும் இலவசமாகக் கொடுத்தது. நான்தான் இரண்டு பேரையும் பிரவுசிங் சென்டருக்குக் கூட்டிப் போனேன். ஒவ்வொரு சான்றிதழும் ஏறியதா என்று பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். நேரில் வரச் சொன்ன அன்று தோழியின் அம்மாவுக்கு லீவு கிடைக்கவில்லை. “நீங்க பாத்துக்கோங்கக்கா” என்று அவளை என்னோடு அனுப்பிவைத்தாள்.

கவுன்ட்டரில் இருந்தவர் இரண்டு தாள்களையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். “எல்லாமே சமமா இருக்கும்மா. அப்படி வந்தா வயசுல மூத்தவங்களுக்குத்தான்” என்று என் மகளின் பெயருக்கு நேரே டிக் அடித்தார்.

வாயைத் திறந்தால் மகளின் சான்றிதழ்கள் எல்லாம் பொய்யாகிவிடும். அவள் தரையைப் பார்த்தாள். தோழி என்னைப் பார்த்தாள். கணக்கில் நூற்றுக்கு நூறு வாங்கிய பெண், அவளுக்கா ஜூனும் ஜூலையும் அக்டோபரும் விளங்காது? “சரி சார்” என்று மட்டும் சொன்னாள்.

இப்போது என் மகள் அங்கே இரண்டாம் வருடம். தோழி ஒரு கலைக் கல்லூரியில் கணிதம் படிக்கிறாள். நல்லாப் படிக்கிற பிள்ளை, எங்கே போனாலும் பிழைத்துக்கொள்ளும் என்று எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். சொல்வதற்கு வசதியாகத்தான் இருந்தது, தூக்கம்தான் வரவில்லை. இரண்டு பேருக்கும் தகுதி இருந்தது. பல்கலைக்கழகமும் தன் விதிப்படிதான் செய்தது. நடுவில் புகுந்தது என் கையெழுத்து.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சொல்லியே தீருவது என்று அவர்கள் வீட்டுக்குப் போனேன். அவள் அம்மா அப்போதுதான் மாதா கோயிலிலிருந்து வந்திருந்தாள். டீயைக் கையில் கொடுத்துவிட்டு, நான் ஆரம்பிப்பதற்குள் அவளே ஆரம்பித்துவிட்டாள்.

“உங்க பொண்ணு உஷாருக்கா. நம்மூட்டுல கீதே ஒண்ணு! ஏதோ ஒரு சர்ட்டிபிகேட்ட கம்ப்யூட்டர்ல ஏத்தாம உட்டுட்டேன், அதான் சீட்டு போச்சுன்னு அதுவே வந்து சொல்லுச்சு. அன்னிலேர்ந்து திட்டிகினுதான் கீறேன். அவங்கப்பா ஆறு மாசம் அதுகிட்ட மூஞ்சி குடுத்தே பேசல.”

நான் நிமிர்ந்து பார்த்தேன். அந்தப் பெண் சமையலறை வாசலில் நின்றிருந்தாள். அம்மாவுக்குத் தெரியாமல், வேண்டாம் என்று எனக்குத் தலையசைத்தாள்.

வெட்கத்தில் எனக்கு உடம்பெல்லாம் கூசியது. இத்தனை வயதான நான், ஒரு சின்னப் பெண்ணின் முதுகுக்குப் பின்னால் இரண்டு வருடமாக ஒளிந்திருந்திருக்கிறேன். அப்போதாவது சொல்லியிருக்கலாம். டீயைக் குடித்து முடித்து எழுந்தேன்.

அவள் அம்மா வாசல்வரை வந்தாள். “நீங்க சொன்னா கேக்கும். எதுலயும் கவனமா இருக்கச் சொல்லி நீங்களாச்சும் அதுக்குப் புத்தி சொல்லுங்கக்கா” என்றாள்.

சரி என்றேன்.