வெசாக்குக்குக் கட்டிய விமானம்

கோதுமை மாவுப் பசை கொதிக்கும் மணம்தான் முதலில் நினைவுக்கு வருகிறது. யட்டியாந்தோட்டைக்கு மேலே ரப்பர் தோட்டத்துத் தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில், ஒற்றை அறை வீடான எங்கள் "காம்பரா" வாசலில் அண்ணன் மூங்கிலைச் சீவிப் போட, நான் அந்தப் பசையைக் கிண்டிக்கொண்டிருந்தேன். எனக்கு ஒன்பது வயது, அண்ணன் சந்திரனுக்குப் பதினெட்டு. போர் நடந்துகொண்டிருந்த காலம். கடைத்தெருவில் தேநீர்க்கடை வைத்திருந்த சிங்களப் பெண்மணி சோமாவதியை நாங்கள் "நெந்தா", அதாவது அத்தை, என்றுதான் கூப்பிடுவோம். புத்தர் பிறந்த பௌர்ணமியான வெசாக்குக்கு நடக்கும் போட்டிக்கு எல்லாரும் தாமரையும் நட்சத்திரமுமாக விளக்குக் கூடு கட்டுகிறார்கள், நீ புதிதாக ஒன்று கட்டிக்கொடு என்று அவர் கேட்டதால், அண்ணன் விமானம் கட்டத் தொடங்கியிருந்தார்.

மாதிரி எங்கள் சுவரிலேயே இருந்தது. பங்களாவில் சமையல் வேலை செய்த அப்பா கொண்டுவந்த பழைய வெளிநாட்டுக் கலண்டரின் படம் அது: இரண்டு உலகப் போர்களுக்கு நடுவே பறந்த சண்டை விமானம், உடலுக்கு மேலே குடை பிடித்ததுபோல் ஒற்றை இறக்கை. கீழே இருந்த ஆங்கிலத்தை அகராதி வைத்துப் படித்து, "வரஞ்சது பிரான்ஸ்காரன், அவங்ககிட்ட உரிமை வாங்கிக் கட்டுனது சுவிஸ்காரன்" என்று வருகிறவர் போகிறவருக்கெல்லாம் அண்ணன் சொல்வார்.

வெசாக்குக்குச் சில நாள் முன்பு, பட்டப்பகலில் ஜீப் வந்தது. வடக்கிலிருந்து வந்த புலிகளின் விமானங்கள் கொழும்புப் பக்கம் குண்டு போட்டதாக ஊரெல்லாம் பேச்சாயிருந்த நேரம். தோட்டத்தில் ஒரு தமிழ்ப் பையன் விமானம் செய்கிறான் என்று யாரோ போய்ச் சொல்லியிருக்கிறார்கள். மூங்கில் எலும்பும் வண்ணத் தாளுமாக நின்ற அதைப் பார்த்தால் சிரித்துவிட்டுப் போய்விடுவார்கள் என்று நினைத்தேன். அவர்கள் சிரிக்கவில்லை.

"யாரு ஒனக்கு இத வரஞ்சு குடுத்தது?" என்று தமிழ் தெரிந்த பொலிஸ்காரர் கேட்டார்.

"பிரான்ஸ்காரன் வரஞ்சதுங்க ஐயா. கட்டுனது சுவிஸ்ல" என்றார் அண்ணன், கொஞ்சம் பெருமையாகவே.

பிரான்ஸ், சுவிஸ்: புலிகள் இயக்கத்துக்குப் பணம் வருவதாக அப்போது எல்லாரும் பேசிய நாடுகள். அந்தப் பேர்கள் காதில் விழுந்ததும் பொலிஸ்காரர் முகம் மாறியதை இன்றும் என்னால் மறக்க முடியவில்லை. பசை ஒட்டிய கையோடு அண்ணனை ஜீப்பில் ஏற்றினார்கள். "மஹத்தயா, அது வெசாக் கூடு மஹத்தயா" என்று கத்திக்கொண்டே பின்னால் ஓடிய அம்மா ரப்பர் மரங்களுக்கு நடுவே விழுந்தார். எனக்கு அழுகை வரவில்லை. அடுப்பில் பசை கருகும்வரை அகப்பையைப் பிடித்தபடியே நின்றேன்.

நெந்தா கடையைப் பூட்டிவிட்டு பொலிஸுக்குப் போனார். தான் கேட்டுத்தான் அவன் கட்டினான், அவனை வைத்திருப்பதானால் தன்னையும் வையுங்கள் என்று வாசலில் உட்கார்ந்தவர், விரட்டியும் எழவில்லை. மறுநாளும் போய் உட்கார்ந்தார். வெசாக் முடிந்த பிறகே அண்ணனை விட்டார்கள். "அடுத்த வருஷம் தாமரை கட்டு" என்று சொல்லி அனுப்பினார்களாம். உள்ளே என்ன நடந்தது என்று அவர் சொன்னதேயில்லை. இடது காது மட்டும் அதன்பிறகு கேட்கவில்லை.

இப்போது அந்த லயம் இல்லை, இடித்துவிட்டுத் தனித்தனி வீடு கட்டியிருக்கிறார்கள். நெந்தாவும் போய்ச் சேர்ந்துவிட்டார். அவர் கடையில் கைத்தொலைபேசி விற்கிறார்கள். அண்ணன் கரவனெல்லையில் முச்சக்கர வண்டி ஓட்டுகிறார். போன மாதம் அவர் வீட்டில் இருந்தபோது, "நீங்களே யோசிச்சுக் கட்டுனதா சொல்லியிருக்கலாமேண்ணே" என்று முதல்முறையாகக் கேட்டேன்.

"கேட்டாங்க, உள்ளதச் சொன்னேன். உள்ளதச் சொன்னா விட்டுடுவாங்கன்னுதான் நெனச்சேன்" என்றார்.

அதைச் சொன்ன அதே வாயால், பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பிய தன் மகளை வாசலில் நிறுத்தி, "யாரு என்ன கேட்டாலும் தெரியாதுன்னு சொல்லு, என்னா?" என்றார். தினமும் கேட்கிற பேச்சுபோல அவள் தலையாட்டிவிட்டுப் போனாள்.