விண்வெளி மெத்தை

என் பேராசிரியர் ஒருநாள் மெத்தை விற்பார் என்று மொஸ்கோவில் யாராவது சொல்லியிருந்தால், சொன்னவரோடு சண்டைக்கே போயிருப்பேன்.

அவர் மருத்துவர். விண்வெளிக்குப் போய் மாதக்கணக்கில் இருந்துவிட்டு, திரும்பி வந்து குழந்தைபோல நடை பழகியவர். நாங்கள் அங்கே மருத்துவம் படித்த காலத்தில் அவர் பாடம் முழுக்க ஒரே விஷயம்தான்: படுத்தே கிடந்தால் எலும்பு கரையும், தசை வற்றும், இதயம் சோம்பேறியாகும். வகுப்பில் யாராவது மேசையில் சாய்ந்தால் "வ்ஸ்தாத்!" என்று கத்துவார். ரஷ்ய மொழியில் 'எழும்பு' என்று அர்த்தம். அந்தச் சொல்லுக்கு இன்றைக்கும் என் முதுகு தானாக நிமிரும்.

போன வருடம் லண்டனில், ரெய்னர்ஸ் லேனில் ஒரு தமிழ்க் கடைக் கண்ணாடியில் அவர் படத்தைக் கண்டேன். 'விண்வெளி வீரர் நேரில் வருகிறார். இலவச ஆரோக்கிய முகாம்.' ஓய்வுக்குப் பிறகு மகளோடு இங்கேதான் இருக்கிறாராம். அவர் பேச்சைத் தமிழில் மொழிபெயர்க்க ஆள் தேடுகிறோம் என்றார்கள் கடையில். "நானே வாறன்" என்று முந்திக்கொண்டேன். காரணம் அம்மா.

அம்மாவுக்கு இடுப்பெலும்பு முறிந்து சத்திரசிகிச்சை செய்திருந்தார்கள். அவரால் நடக்க முடியும், நடக்கத்தான் மாட்டார். நானும் டொக்டர்தான், ஆனால் பெற்ற பிள்ளையின் வைத்தியம் வீட்டில் எடுபடுமா? "சந்திரனுக்குப் போனவர் சொல்லட்டும், எழும்புறன்" என்றார். அவர் சந்திரனுக்குப் போகவில்லை என்று நான் திருத்தவில்லை.

அம்மாவைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு போனேன். மேடையில் ஒரு மெத்தை கிடந்தது. பேராசிரியருக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். அது தோளிலிருந்து நழுவ நழுவ, மெத்தையைத் தட்டிக்காட்டி, இதில் தினமும் படுத்தால் எலும்பு பலப்படும் என்று ரஷ்ய மொழியில் சொன்னார். எனக்கு நெஞ்சு பற்றி எரிந்தது. "எலும்பு பலப்பட வேணுமெண்டால் எழும்பி நடவுங்கோ" என்று தமிழில் சொன்னேன். எல்லோரும் கைதட்டினார்கள். தட்டிவிட்டு, வரிசையாகப் போய் மெத்தையில் படுத்துப் பார்த்தார்கள்.

தேநீர் நேரத்தில் அவரிடம் போய், உங்கள் பழைய மாணவி என்றேன். மகிழ்ந்துபோனார். நீங்களா இதைச் செய்கிறீர்கள் என்று கேட்டேன். கையில் பாதி வடையோடு சிரித்தார்.

"எழும்பச் சொன்னால் மெத்தையை யார் வாங்குவார்கள்?"

ஆத்திரத்தில் எனக்கு அழுகையே வந்துவிட்டது. அதோ என் அம்மா, எங்களுக்குச் சொன்ன அந்த ஒரு சொல்லை அவருக்கும் சொல்லுங்கள் என்று கெஞ்சினேன். அவர் அம்மாவைப் பார்த்தார். பக்கத்தில் நின்ற மெத்தைக் கம்பனிக்காரரையும் பார்த்தார். பிறகு அம்மாவின் அருகே போய்க் குனிந்து, ஒரு கையால் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, மற்றக் கையால் மெத்தையைக் காட்டி ஏதோ இனிமையாகச் சொன்னார்.

"என்னவாம்?" என்றார் அம்மா.

"எழும்பி நடக்கட்டாம்."

"பொய் சொல்லாதை பிள்ளை. எனக்குக் கண் தெரியும்."

அம்மா தன் பென்ஷனில் அதை வாங்கினார். மெத்தை இப்போது எங்கள் முன்னறையில். அம்மா படுத்த படுக்கையாகிவிட்டார். கால்கள் குச்சியாகிவிட்டன, பிடித்து நிறுத்தினாலும் நிற்க ஏலாது. பார்க்க வருகிறவர்களிடம் மட்டும் குரல் கம்பீரமாக வரும்.

"விண்வெளிக்குப் போய்வந்த டொக்டரே படுக்கச் சொன்னவர். என்ர மகள்தான் பக்கத்தில நிண்டு தமிழில சொன்னவள்."