ஒரு சாண் குறைந்த தொட்டில்

காரைக்குடியில் பழம்பொருள் கடை வைத்திருக்கும் மீனாட்சிசுந்தரம் லேசில் யாரையும் நம்பமாட்டார். பிரம்பு வேலை என்று வந்தால் மட்டும் பர்வீன் பானு வைத்ததுதான் சட்டம். பதினாறு வருஷமாக தேவகோட்டையிலிருந்து பஸ்ஸில் வந்து, அவருடைய நாற்காலிகளுக்கெல்லாம் முதுகு பின்னிக்கொடுக்கிறாள். வாய் கொஞ்சம் அதிகம்; வேலையில் ஒரு குறை சொல்ல முடியாது.

போன மாசியில் நெற்குப்பை ஊரில் ஒரு வீட்டிலிருந்து பிரம்புத் தொட்டில் வந்தது. பிரான்சில் செய்தது. சைகோனில் தொழில் பார்த்த செட்டியார் ஒருவர் கப்பலில் கொண்டுவந்ததாம். சுற்றிலும் அழகான சல்லடைப் பின்னல், அடிப்பக்கம் மட்டும் கிழிசல். பார்த்ததுமே பானுவுக்கு ஆசை வந்துவிட்டது. மகள் ஆரிபா பிரசவத்துக்கு வீட்டுக்கு வந்திருக்கிறாள், எட்டு மாதம். இதற்கு முன் உண்டான இரண்டும் தங்கவில்லை.

"இந்த மாசம் கூலி வேணாம்ணே. இதக் குடுத்துருங்க."

"எடுத்துக்கம்மா. ஆனா வெள்ளிக்கிழமைக்குள்ள கொண்டுபோயிரு. புதுச்சேரி ஓட்டல்காரவுக வாராக, கண்ணுல பட்டா விடமாட்டாக."

அங்கேதான் இடித்தது. பிள்ளை பிறக்கும் முன்னே தொட்டில் வீட்டுக்குள் வரக் கூடாது என்பது பானுவின் நம்பிக்கை. இரண்டு நாள் மண்டையை உடைத்துக்கொண்டு, அடிப்பாகத்தைப் பின்னி, ஒரு சாண் அகலத்துக்கு மட்டும் பின்னாமலே விட்டாள். ஓட்டை இருந்தால் அது எப்படித் தொட்டில் ஆகும்? இப்படித் தனக்குத் தானே தீர்ப்புச் சொல்லிக்கொண்டு, வியாழக்கிழமை லோடு ஆட்டோவில் கொண்டுபோய்ச் சமையலறைக்குப் பின்னால் சாக்குப் போட்டு மூடிவைத்தாள்.

மூன்றாம் நாளே ஆரிபா சாக்கை விலக்கிவிட்டாள்.

"என்னம்மா இது?"

"தொட்டில் இல்லடி. அடியில பாரு, ஓட்ட."

ஆரிபா சிரிக்கவில்லை. "முன்ன ரெண்டு தடவையும் நீ ஒரு துணிகூட வாங்கி வைக்கல. அதுக தங்குச்சா?"

பானு சாக்கை மறுபடி இழுத்து மூடப் போனாள். பிறகுதான் சொன்னாள், "பயமா இருக்குடி."

"எனக்கும்தான். ஆனா இந்தப் பிள்ள வரும்னு வீட்டுல ஒருத்தராச்சும் நம்பணும்மா. நீ பின்னி முடி."

பானு பிரம்பு நாரைத் தண்ணீரில் ஊறப்போட்டாள். எதிரே உட்கார்ந்து ஆரிபா ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தாள். முதல் இழை தப்பியது. அவிழ்த்து மறுபடி கோத்தாள். இருவரும் அழுதார்கள். வேலையை மட்டும் நிறுத்தவில்லை.