நாலு விரல் கரை

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். "அதெல்லாம் நான் பார்த்துக்கறேன்" என்று முந்திக்கொண்டு சொல்லிவிடுவேன், அப்புறம் திண்டாடுவேன். பல்கலைக்கழகத்தில் எங்கள் முஸ்லிம் மாணவர் மன்றத்துக்குச் செயலாளர் ஆனதும் அப்படித்தான். அதுவரை மன்றம் என்றால் ஒரு மார்க்க உரை, பிரியாணி, குரூப் போட்டோ. சும்மா இருக்காமல், மூன்று மதத்தாரையும் ஒரே மேடையில் உட்காரவைத்துப் பேசச் சொல்வோம் என்று ஆரம்பித்தவள் நான்தான். பேராசிரியர் அரங்கத்தைக் கொடுத்தார். கொடுக்கும்போதே, "சின்னதா ஒரு மனக்கசப்பு வந்தாலும் இதுதான் கடைசி" என்றார்.

வகுப்பில் எனக்கு ஓர் உயிர்த்தோழி. ஓரிக்கையில் பட்டு நெய்கிற குடும்பம். மன்றத்தில் உறுப்பினர் இல்லை, ஆனால் நாற்காலி போடுவதிலிருந்து எல்லா வேலைக்கும் அவள்தான் முன்னால் நிற்பாள். "விருந்தாளிங்க மூணு பேருக்கும் எங்கப்பாவே துண்டு நெய்ஞ்சு தரேன்றாருடி. அவர் கையாலயே போத்தணுமாம்" என்றாள். "சூப்பர்டி!" என்று அவளைக் கட்டிக்கொண்டேன். எங்கள் ஊரில் மேடை என்றால் பட்டுத் துண்டு. அதற்குமேல் நான் யோசிக்கவில்லை.

நிகழ்ச்சியன்று மத்தியானம். ஆற்காட்டிலிருந்து வந்த ஹஜ்ரத்தை வரவேற்பறையில் உட்காரவைத்து டீ கொடுத்தோம். பெரிய ஆலிம், மார்க்கம் கற்றவர்; அதிகம் பேசமாட்டார். எங்கள் மன்றத் தலைவன் பளபளவென்று ஒரு ஜிப்பாவில் வந்து சலாம் சொன்னான். ஹஜ்ரத் அந்தத் துணியைத் தொட்டுப் பார்த்தார்.

"பட்டா தம்பி?"

"இல்ல ஹஜ்ரத், பாலியஸ்டர். ஆன்லைன்ல வாங்குனது."

"அப்ப சரி. ஆம்பளைக்குப் பட்டு கூடாதில்ல."

யா அல்லாஹ்! அந்தத் துண்டு! ஆண்களுக்குப் பட்டும் ஆகாது, தங்கமும் ஆகாது என்று சின்ன வயதில் மதரஸாவில் படித்ததுதானே. எனக்குத் தெரியாதா? தெரியும். தெரிந்தும் மறந்த கழுதை நான்.

வெளியே ஓடினேன். தோழியின் அப்பா மொபெட்டை நிறுத்திக்கொண்டிருந்தார். நெற்றி நிறைய விபூதி, இஸ்திரி போட்ட சட்டை, மார்போடு அணைத்த மஞ்சள் பை. மகள் படிக்கிற இடத்துக்கு அன்றுதான் முதல் முறையாக வருகிறாராம். "நல்லா இருக்கியாமா? லேட்டாயிடுச்சா?" என்றார். உங்கள் பட்டு வேண்டாம் என்று இவரிடம் எப்படிச் சொல்வது? நாள்கணக்கில் தறியில் உட்கார்ந்தவர். அத்தனை பேர் முன்னால் ஹஜ்ரத் வேண்டாம் என்று ஒதுக்கிவிட்டால் இந்த மனிதர் முகத்தை எங்கே கொண்டுபோய் வைத்துக்கொள்வார்? என் தோழி அப்புறம் என்னோடு பேசுவாளா? "இல்லப்பா, கரெக்ட் டைம்" என்று பல்லைக் காட்டிவிட்டு வந்தேன்.

பேராசிரியரிடம் போய், "சார், துண்டு போத்தறத எடுத்துடலாமா? டைம் இல்ல" என்றேன். முறைத்தார். "ஒருத்தர் ஆசையா நெய்ஞ்சு எடுத்துட்டு வந்திருக்கார். எடுத்துடலாமாவா?" அதுவும் போச்சு. அதற்குள் ஹஜ்ரத் மேடை ஏறிவிட்டார். நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்து எழுதினேன்: 'ஹஜ்ரத், உங்களுக்குப் பட்டுத் துண்டு போடப்போகிறார்கள். தப்பு என்னுடையது. நெய்தவர் மனம் நோகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.' தண்ணீர் பாட்டிலோடு அவர் முன்னால் வைத்தேன். படித்தார், மடித்தார், பையில் போட்டுக்கொண்டார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

முதலில் கோயில் ஓதுவாருக்குப் போர்த்தினார் தோழியின் அப்பா. அரக்குச் சிவப்பில் பட்டு, ஜரிகைக் கரை. நல்ல கைதட்டல். அடுத்து பாதிரியாருக்கு. மயில் கழுத்து நிறம், அதைவிடப் பெரிய கைதட்டல். மூன்றாவதை எடுத்து விரித்தார். வெள்ளை. மினுக்கம் இல்லாத வெறும் வெள்ளை. ஓரத்தில் மட்டும் பச்சைக் கரை.

அரங்கம் சட்டென்று அடங்கியது. "இவருக்கு மட்டும் நூல் துண்டா?" என்று பின்வரிசையில் யாரோ கேட்டது எனக்கே கேட்டது. பேராசிரியரின் முகம் சுருங்கியது. தோழி என்னைப் பார்த்தாள்; அவளுக்கும் ஒன்றும் புரியவில்லை.

தோளில் விழுந்த துண்டின் கரையை ஹஜ்ரத் கையில் பிடித்தார். நாலு விரலைச் சேர்த்து அதன்மேல் வைத்தார். கரை விரல்களுக்குள் அடங்கிவிட்டது. மைக்கைப் பக்கத்தில் இழுத்தார்.

"இந்த ஊர் மேடைல எனக்கு எத்தனையோ தடவை பட்டு போட்டிருக்காங்க. எங்க மார்க்கத்துல ஆம்பளைக்குப் பட்டு கூடாது. போட்டதும் எடுத்துக் கைல வச்சுக்குவேன். போட்டவங்க முகம் வாடிடும். ஆனா கரைல மட்டும் நாலு விரல் அகலத்துக்குப் பட்டு இருந்தா அனுமதி உண்டு. இது சரியா நாலு விரல். இந்த ஊர்த் துண்டை இன்னிக்குத்தான் முதல் தடவையா தோள்லயே வச்சுக்கிட்டுப் பேசப்போறேன்."

அப்போது எழுந்த கைதட்டலில் நான் மேடைப் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். கண்ணில் தண்ணீர் கொட்டுகிறது, வாய் சிரிக்கிறது. அப்பாடா என்று அத்தனை சத்தமாக நான் அதற்கு முன் சொன்னதில்லை.

எல்லாம் முடிந்து டீ குடிக்கும்போது தோழியின் அப்பாவைப் பிடித்துக்கொண்டேன். "எப்படிப்பா தெரியும் உங்களுக்கு?"

"இன்னாமா கேள்வி இது? முப்பது வருசமா உங்க ஆளுங்க கல்யாணத்துக்குப் பொடவ நெய்ஞ்சிக்கினு இருக்கேன். பொண்ணுக்கு அத்தினி பட்டு எடுக்கறவங்க, மாப்ளைக்கு ஒரு முழம் எடுக்க மாட்டாங்க. ஏன்னு கேக்காம இருப்பனா? அவங்கதான் நாலு விரல் கணக்கு சொன்னாங்க. ஜரிகையும் ஆவாதுன்னாங்க, அதான் போடல. நம்ம வூட்டுல நூல் தறி இல்ல. மச்சான் வூட்டுல போய் நெய்ஞ்சேன்."

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதாப்பா? உயிரே போயிடுச்சு!"

அவர் டீ டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, நிஜமாகவே ஆச்சரியப்பட்டு என்னைப் பார்த்தார்.

"உங்க விசயம், உனக்குத் தெரியாதாமா? தெரிஞ்சிக்கினுதான் நீ கம்முனு இருக்கேன்னு நெனச்சேன்."

நீளமான என் வாயை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டேன். தோழி சிரித்த சிரிப்பில் டீயெல்லாம் அவள் துப்பட்டாவில் கொட்டிவிட்டது.