அம்பிட்டிய வழியாக ஒரு கேள்வி

கண்டியில் ஞானேஸ்வரி மிஸ் அழத் தொடங்கினால் டொக்டர்மாருக்கு வியர்க்கும். மனநலத் தாதியான அவருக்குப் பயிற்சி வகுப்பில் நோயாளியாக நடிப்பதும் வேலை. உயிரை விட நினைப்பவரிடம் அதை நேரே கேட்கப் பழக்குவதுதான் பயிற்சி. கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது. கேட்டால்தான் மனிதர் வாய் திறப்பார். டொக்டர்மாரோ அதைத் தவிர எல்லாவற்றையும் கேட்பார்கள். ஒருவர் பிரஷர் பார்த்தார். இன்னொருவர் விட்டமின் எழுதிக் கொடுத்தார்.

அன்று எதிர்க் கதிரையில் அலவத்துகொட ஊர்க்கார டொக்டர் ஹபீல். திங்கட்கிழமை மடுல்கெல்லப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்ட ஆஸ்பத்திரிக்கு வேலைக்குப் போகிறார். மிஸ்ஸின் தம்பி கறுப்பையா, தன் உயிரை மாய்த்துக்கொள்வதற்குச் சில நாட்கள் முன்பு அங்கேதான் போய், வயிற்றுவலி மருந்தோடு திரும்பியிருந்தான். இந்த டொக்டரை அந்தக் கேள்வியைக் கேட்க வைக்காமல் அனுப்புவதில்லை என்று மிஸ் முடிவெடுத்திருந்தார்.

"எனக்கு ஒண்ணும் வேணாம்போல இருக்கு, டொக்டர்," என்று முந்தானையைக் கசக்கினார்.

"சாப்பிட்டீங்களா?"

"எறங்கல."

"ரெண்டு இடியப்பமாவது?"

"நான் இருந்து யாருக்கு என்னங்க?"

"அப்படிச் செல்லாதீங்க. புள்ளைகள் ஈக்கிறாங்க தானே? எங்கட ஊட்டுப் பக்கத்துலயும் ஒரு பொம்புள..."

மிஸ் சட்டென்று அழுகையை நிறுத்தினார். "அம்பிட்டிய, பேராதனைன்னு அக்கம்பக்கமெல்லாம் சுத்தியாச்சு, டொக்டர். கண்டி டவுனுக்கு எப்ப வருவீங்க?"

வகுப்பு சிரித்தது. ஹபீலின் காது சிவந்தது. "அந்தச் சொல்ல எடுக்கவே பயம், மிஸ். ஊட்டுல எடுத்தா உம்மா வாயப் பொத்துவா."

"எங்க வீட்லயும் அப்படித்தான். அதான் தம்பி போனப்புறம் நானும்..."

அது நடிப்பில் இல்லாத வசனம்.

ஹபீல் பேனையை மூடினார். கதிரையை முன்னே இழுத்துப் போட்டார்.

"மிஸ், உங்களுக்கும் செத்துப் போகணும்ண்டு நெனப்பு வந்ததா?"

மிஸ் கசக்கிய முந்தானையை விட்டார்.

"வந்துச்சு. இப்ப இல்ல, அப்ப. யாரும் கேக்கல."

"நான் கேட்டுட்டேன் தானே. செல்லுங்க."

சொன்னார். மேசையிலிருந்த தேத்தண்ணி ஆறிப்போனது. முடித்ததும் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "நீங்க பாஸ், டொக்டர்," என்றார். "இடியப்பத்த மட்டும் விட்டுருங்க."

"அது ஏலா, மிஸ். தோட்டத்துலயும் மொதல்ல அதத்தான் கேப்பேன்."

"கேளுங்க. கேட்டுட்டு நேரா டவுனுக்கு வந்துருங்க."