கப்பலின் கை எந்தப் பக்கம்

கை எந்தப் பக்கம் என்று என்னிடம் யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் இடது பக்கம் என்று சொல்லியிருப்பேன். மற்ற மூன்று பேரும் கதிரையில் இருந்தார்கள். நான் துளை போடும் மெஷினோடு தரையில் இருந்தேன். தரையில் இருப்பவனிடம் எவரும் அபிப்பிராயம் கேட்பதில்லை.

கப்பல் என்றால் கடலில் போவது அல்ல. பல வருடங்களுக்கு முன்னால் தொலைக்காட்சியில் தமிழில் பேசவைத்துப் போட்ட ஒரு விண்வெளித் தொடரில் வருகிற கப்பல். அதன் வயிற்றிலிருந்து பக்கவாட்டில் ஒரு நீண்ட கை நீட்டிக்கொண்டிருக்கும். சின்னக் கப்பல்கள் அதில் வந்து ஒட்டிக்கொள்ளும். அந்தக் கை இடதா வலதா என்பதற்காக ஒரு மழைக்காலம் முழுவதையும் நாங்கள் செலவழித்தோம்.

நான் கம்பளையில் பஸ்ஸுக்குத் தகட்டில் உடற்கூடு, நாங்கள் சொல்வது பொடி, கட்டுகிற கராஜில் வேலை செய்கிறேன். தகடு வெட்டுவேன், வளைப்பேன், ரிவெட் அடிப்பேன். ஐந்தாம் வகுப்போடு படிப்பு முடிந்தது. நாலு பேர் முன்னால் பேசச் சொன்னால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். ஆனால் அந்தத் தொடரில் ஒரு பாகத்தைக்கூட நான் விட்டதில்லை. ஒருமுறை திகனையில் ஒரு முதலாளியிடம் பஸ்ஸை ஒப்படைத்துவிட்டுத் திரும்பும்போது, ஒரு போன் கடைச் சுவரில் அந்தக் கப்பலின் மூக்கு மட்டும் தெரிகிற படத்தைப் பார்த்தேன். வாசலிலேயே நின்றுவிட்டேன். கடைக்காரர் திகனை முஸ்லிம், எல்லோரும் அவரை அண்ணன் என்ற அர்த்தத்தில் நானா என்றுதான் கூப்பிடுவார்கள். உள்ளே கூப்பிட்டுத் தேநீர் தந்தார். கடை மாடியில் ஞாயிறு தோறும் தொடரைப் பற்றிப் பேசக் கூடுகிறோம், வாங்க என்றார். போனேன்.

அங்கே வேறு இரண்டு பேர் இருந்தார்கள். ஒருவர் யாழ்ப்பாணத்துக்காரர், கண்டியில் அரசாங்கக் கந்தோர் ஒன்றில் பெரிய உத்தியோகம். அவரைச் சேர் என்போம். மற்றவர் புசல்லாவைப் பக்கத்தில் படிப்பிக்கிற டீச்சர். கண்டியில் ஒரு மண்டபத்தில் இப்படிப்பட்ட ரசிகர் கூட்டங்களுக்கெல்லாம் சேர்த்து ஒரு கண்காட்சி நடக்க இருந்தது. கப்பலின் மாதிரி ஒன்றைக் கொண்டுவந்தால்தான் எங்களுக்கு மேசை கிடைக்கும், இல்லாவிட்டால் வேறு கூட்டத்துக்குப் போய்விடும். தகட்டில் செய்ய முடியுமா அண்ணே என்று நானா கேட்டார். தலையை ஆட்டினேன். என் வாழ்க்கையில் நான் ஆட்டிய தலைகளில் அதுதான் மோசமானது.

பஸ் கூரைக்குப் போட்டு மிஞ்சிய அலுமினியத் தகட்டை எடுத்துப் போய், அந்த மாடியிலேயே ஐந்தடி நீளத்துக்குக் கப்பலைக் கட்டினேன். மெல்லிய தகடு. கையை எனக்கு ஞாபகம் இருந்தபடி இடது பக்கத்தில் ரிவெட் அடித்தேன். அடுத்த ஞாயிறு சேர் தொடரிலிருந்து ஒரு படத்தைப் பெரிதாக அச்சடித்துக்கொண்டு வந்தார். அதில் கை வலது பக்கம். ரிவெட்டுகளை உடைத்து, ஓட்டைகளைப் பட்டி பூசி அடைத்து, வலது பக்கம் மாற்றினேன். அதற்கடுத்த ஞாயிறு டீச்சர் தன் பழைய அப்பியாசக் கொப்பியைக் கொண்டுவந்தார். அட்டையில் சின்னப் பிள்ளையாக இருந்தபோது ஒட்டிய ஸ்டிக்கர். அதில் இடது. ஸ்டிக்கர் அடிச்சவன் பிழை விட்டிருப்பான் என்றார் சேர். தொடர் ஓடிய காலத்திலேயே வந்த ஸ்டிக்கர் என்றார் டீச்சர். யார் கடைசியாகப் பேசுகிறாரோ அவர் பக்கம்தான் நானா. அன்று கடைசியாகப் பேசியவர் டீச்சர். மறுபடி உடைத்தேன், மறுபடி பட்டி, மறுபடி இடது.

ரிவெட் அடித்த தகட்டை எத்தனை தரமும் பிரித்துப் பூட்டலாம் என்று இவர்கள் நினைத்தார்கள். ஓட்டைக்குப் பக்கத்தில் ஓட்டை போட்டுக்கொண்டே போனால் ஒருநாள் இரண்டும் சேர்ந்து தகடு கிழியும். இன்னொரு தடவை மாற்றினால் கப்பலின் வயிறே போய்விடும். புதிதாகக் கட்ட நாளும் இல்லை, தகடும் இல்லை. இதை மனதுக்குள் பல தடவை தெளிவாகச் சொல்லிப் பார்த்தேன். வாயால் சொல்லவில்லை.

கையின் மூட்டு எப்படி இருக்கிறது என்று இன்னொரு தரம் பார்க்க, நானா தொடர் முழுவதையும் ஏற்றித் தந்த பென் டிரைவை வீட்டில் தொலைக்காட்சியில் போட்டேன். அதிலும் கை வலது பக்கம்தான். என் ஞாபகம்தான் பிழையோ என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. பிறகு அந்தக் காட்சி வந்தது. எரிபொருள் குழாய் கழன்றுவிடும் போலிருக்கும், இயந்திரக்காரர் ஓடிவந்து பெரிய நட் ஒன்றை ஸ்பானரால் இறுக்குவார். அவருடைய தோளுக்குப் பின்னாலிருந்து எடுத்திருக்கிறார்கள். அவர் இடப்பக்கமாகத் திருப்பினார். அப்படித் திருப்பினால் நட் கழலும். கப்பல் வெடித்திருக்க வேண்டும். வெடிக்கவில்லை. மூன்று தரம் போட்டுப் பார்த்தேன். ஒரு நட்டுக்காகவா இப்படி முழிச்சிக்கிட்டு இருக்கீங்க என்று மனைவி கேட்டாள்.

கண்காட்சிக்கு முந்திய ஞாயிறு, சேர் மடிக்கணினியோடு வந்தார். ஆறு பாகங்களில் ஆறு இடங்களை நிறுத்திக் காட்டினார். ஆறிலும் வலது. இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும் என்று டீச்சரைக் கேட்டுவிட்டு, என்னைப் பார்த்துக் குனிந்து சொன்னார்:

"தம்பி, கழட்டும்."

"கழட்ட மாட்டேன் சேர்."

என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள். காது சூடாகிவிட்டது. தகடு தாங்காது என்பதை விட்டுவிட்டு, இயந்திரக்காரர் நட்டை இடப்பக்கம் திருப்பி இறுக்குகிறார் என்று சொன்னேன். யாருக்கும் விளங்கவில்லை. திரும்பச் சொன்னேன். படம் கண்ணாடியில் பார்ப்பது போலப் புரண்டிருக்கிறது என்றேன்.

சேர் பொறுமையாகச் சிரித்தார். "இடப்பக்கம் திருப்பினா இறுகிற இடது மரை எண்டும் ஒண்டு இருக்குத் தம்பி. உமக்குத் தெரியாதே?"

"தெரியுங்க சேர். எங்க கராஜ்ல கேஸ் சிலிண்டருக்கு அப்படித்தான்."

"பிறகென்ன? உதுவும் கேஸ் குழாய்தானே."

இருபத்தைந்து வருடம் ஸ்பானர் பிடித்த நான், ஒரு நாளும் ஸ்பானர் பிடிக்காத மனிதரிடம் அந்த இடத்தில் மாட்டிக்கொண்டேன். அவர் சொன்னதில் பிழையும் இல்லை. எனக்கு வந்த கோபத்தில் கூச்சம் போய்விட்டது.

"அப்ப தலைவரு இடது கையில சாப்புடுறாரே சேர். டாக்டரு இடது கையில ஊசி போடுறாரு. சமையக்காரன்கூட இடது கையிலதான் அகப்பை புடிக்கிறான். ஒரு கப்பல் முழுக்கவா நொட்டாங்கை?"

"அவை வேற கிரகத்து ஆக்கள்," என்றார் சேர்.

டீச்சர் சிரித்துவிட்டார். கப்பலின் பக்கத்தில் எழுதியிருப்பதாவது உதவும் என்று பார்த்தால், அது தொடர் எடுத்தவர்கள் தாமாக உண்டாக்கிய எழுத்து. எப்படித் திருப்பினாலும் ஒன்றுபோலத்தான் விளங்காது.

நானா கழுத்தைச் சொறிந்துகொண்டு மெதுவாக ஆரம்பித்தார்.

"ஒண்டு செல்லோணும் சேர். நெட்ல ஏத்துற ஆக்கள் படத்த இடம் வலமாத் திருப்பித்தான் போடுற. இல்லாட்டி காப்பிரைட் எண்டு புடிச்சி அழிச்சிருவாங்க. நானும் கடை விளம்பரத்துக்குப் பாட்டு வீடியோ போடக்கொள்ள அப்பிடித்தான் செய்ற."

சேர் பார்த்ததும், பென் டிரைவில் எனக்குத் தந்ததும் நெட்டில் இறக்கியதுதான். அதை இறக்கியவரே நானாதான். இவ்வளவு காலமும் இது தெரிந்த மனிதர் கதிரையில் இருந்து வாக்களித்துக்கொண்டிருந்தார், நான் தரையில் ஓட்டை அடைத்துக்கொண்டிருந்தேன். ஏன் முதலே சொல்லவில்லை என்று டீச்சர் கேட்டதற்கு, இந்தக் கப்பலோடு அது சம்பந்தப்படும் என்று ஞாபகம் வரவில்லை என்றார். எனக்கு மெஷினைக் கீழே வைத்துவிட்டு பஸ் ஏறிவிடலாம் போலிருந்தது.

தொடர் தொலைக்காட்சியில் ஓடியபோது சேர் பார்க்கவில்லை. எல்லாம் பிறகு நெட்டில் பார்த்ததுதான். அவருக்கு அந்தக் கப்பல் எப்போதும் வலது கைக் கப்பல். மடிக்கணினியை மூடி, குடையை எடுத்துக்கொண்டு படியிறங்கினார். கை இடது பக்கமே நின்றது. தகடு தப்பியது. இனிமேல் நிம்மதி என்று நினைத்து, கப்பலைக் கராஜுக்குக் கொண்டுபோய் அடுத்த வாரம் முழுவதும் உரசி மினுக்கினேன்.

கண்காட்சி அன்று எங்கள் மேசையில் கப்பலை வைத்து முடித்த நேரம், சேர் ஒரு முச்சக்கர வண்டியில் வந்து இறங்கினார். படுக்கை விரிப்பால் சுற்றிய ஏதோ ஒன்றை, சாரதியும் அவருமாகப் பிடித்துக்கொண்டு வந்தார்கள். விரிப்பை எடுத்தால் ஆளுயரக் கண்ணாடி. வீட்டு அலுமாரிக் கதவிலிருந்து கழற்றியது.

"நெட்டில பார்த்த ஆக்கள்தான் இப்ப கூட," என்றார். "அவையளுக்கும் அவையின்ர கப்பல் வேணும்தானே."

கப்பலுக்குப் பின்னால் கண்ணாடியை வைக்க வேண்டுமாம். கண்ணாடிக்குள் கை வலது பக்கம் தெரியும். டீச்சருக்கும் நானாவுக்கும் அது நல்ல யோசனையாகப் பட்டது. சாய்த்து வைக்கச் சுவர் இல்லை, எங்கள் மேசை மண்டபத்தின் நடுவில். தாங்கியும் இல்லை. மூன்று பேரும் கொஞ்ச நேரம் அதைப் பற்றி விவாதித்தார்கள். பிறகு என்னைப் பார்த்தார்கள்.

காலையிலிருந்து கண்ணாடியைப் பின்னாலிருந்து பிடித்துக்கொண்டு நின்றேன். வந்தவர்கள் கப்பலை ஒரு பார்வை பார்த்துவிட்டு, பிழை என்பார்கள். உடனே சேர் கண்ணாடியைக் காட்டுவார். வந்தவர்கள் இதுதான் சரி என்று சொல்லி, அதற்குள்ளே தெரிகிற கப்பலைத் தங்கள் முகத்தோடு சேர்த்துப் போனில் எடுத்துக்கொள்வார்கள். நான் அடித்த ரிவெட் வரிசையை ஒருவரும் பார்த்ததாகத் தெரியவில்லை. தோள் இரண்டும் இற்றுப்போயின. டீச்சர் மத்தியானம் வந்து, அண்ணா, கொஞ்ச நேரம் நான் பிடிக்கிறேன், நீங்கள் முன்னால் போய் நில்லுங்கள் என்றார். வேண்டாம் என்றேன்.

சாப்பாட்டுக்குப் பிறகு ஒருவர், இதைச் செய்தது யார் என்று கேட்பது எனக்குக் கேட்டது.

"உந்தக் கண்ணாடிக்குப் பின்னால நிக்கிறார்," என்றார் சேர்.

காலடிச் சத்தம் மேசையைச் சுற்றிவர ஆரம்பித்தது. கண்ணாடியை எங்கள் இருவருக்கும் நடுவிலேயே தூக்கிப் பிடித்துக்கொண்டு நானும் அதே பக்கமாக மெல்லச் சுற்றினேன்.