முதலாளியம்மா தலை சாய்த்த இடம்

போன வாரம் கடலூரிலிருந்து சிதம்பரத்துக்குப் பேத்தியின் புதுக் காரில் போனேன். தலைக்கு எண்ணெய் வைத்திருந்தேன். ஆலப்பாக்கம் தாண்டுவதற்குள் சீட்டில் சாய்ந்து தூங்கிவிட்டேன். இறங்கியதும் பேத்தி அலறினாள்.

"ஆயா! லெதர் சீட்டு ஆயா! எண்ணத் தலைய வச்சித் தேச்சிட்டியே!"

"மொதல்லயே சொல்லியிருந்தா தலைய வூட்லயே வச்சிட்டு வந்திருப்பேன்டி."

அவள் சிரிக்கவில்லை. ஏதோ டப்பாவை எடுத்து நுரையைப் பீய்ச்சித் துடைத்தாள். பவுடர் போடு என்று சொல்ல வாய்வரைக்கும் வந்தது. அடக்கிக்கொண்டேன். தோல் சீட்டில் கறை எடுப்பதில் நான் ஒரு காலத்தில் பெரிய கைகாரி. அந்தக் கைகாரித்தனம் செய்த வேலையைச் சொல்கிறேன், கேளுங்கள்.

ஈரத் தோலின் வாசனை பட்டதுமே எனக்கு முதலாளி வீட்டுக் கார் கொட்டகை ஞாபகம் வந்துவிட்டது. சிதம்பரத்தில் ஒரு அரிசி மில் முதலாளியிடம் என் வீட்டுக்காரர் டிரைவர். அப்போது ஊரில் எல்லார் காரிலும் ரெக்சின் சீட்டுதான். முதலாளி காரில் மட்டும் அசல் தோல், நீர்மோர் நிறத்தில். பாண்டிச்சேரியில் யாரோ வெள்ளைக்காரரிடம் வாங்கியது. அந்த நிறத்தில் சீட்டுத் தைத்தவன் வெற்றிலை போடுகிற ஜனங்களைக் கண்ணால் பார்த்திருக்க மாட்டான்.

வெளியே கழுவுவது வீட்டுக்காரர், உள்ளே துடைப்பது நான். மூன்றாம் வகுப்புப் புத்தகம் படிக்கத் திணறியவள், கறையை மட்டும் படபடவென்று படித்துவிடுவேன். வெற்றிலைச் சாறா, பூந்திக்கொட்டை நுரை. காடாம்புலியூர் பலாப்பழத்துப் பிசினா, முதலில் எண்ணெய், அப்புறம் நுரை. எண்ணெய்ப் பிசுக்கா, முகத்துக்குப் போடுகிற பவுடரைக் கொட்டி ஒரு நாள் விட்டால் உறிஞ்சிவிடும். வெயிலில் மட்டும் காயவைக்கக் கூடாது, தோல் வெடித்துவிடும். என் முகத்துக்குப் போட்டதைவிட அந்தச் சீட்டுக்குப் போட்ட பவுடர்தான் ஜாஸ்தி. பலனும் சீட்டில்தான் தெரிந்தது.

வெள்ளிக்கிழமை தோறும் முதலாளியும் முதலாளியம்மாவும் திருப்பாதிரிப்புலியூர் கோயிலுக்குப் போவார்கள். பின்சீட்டில் வலது பக்கம் அவர், இடது பக்கம் அம்மா. வெட்டிவேர் போட்ட எண்ணெய் தடவிய தலையைச் சாய்த்து, போகும்போதும் தூக்கம், வரும்போதும் தூக்கம். அந்த இடத்தில் உள்ளங்கை அகலத்துக்குக் கறுப்பாக ஒரு வட்டம். நான் பவுடரை எடுத்தால், "வுடு புள்ள, அடுத்த வெள்ளிக்கெழம திரும்பவும்தான வரப்போவுது" என்பார் அம்மா.

அந்த அம்மா மூன்று நாள் காய்ச்சலில் போய்விட்டார். காரியம் முடிந்து முதலாளி முதன்முதலாக வெளியே கிளம்பப் போகிறார் என்றார்கள். வண்டி பளிச்சென்று இருக்கட்டுமே என்று இறங்கினேன். மூன்று தடவை பவுடர், மூன்று தடவை நுரை. கறை போயே போய்விட்டது. எனக்கு ஒரே பெருமை.

கதவைத் திறந்த முதலாளி உள்ளே ஏறவில்லை.

"இங்க இருந்தது எங்க?"

"எது மொதலாளி?" என்றார் என் வீட்டுக்காரர்.

"அவ தல வச்ச எடம்."

நாலு திட்டுத் திட்டியிருந்தால் அழுது தீர்த்திருப்பேன். அவர் கதவை மெல்லச் சாத்திவிட்டு வீட்டுக்குள் போய்விட்டார். அப்புறம் வண்டிப் பக்கமே வரவில்லை. ரெண்டு வெள்ளிக்கிழமை வந்து போயிற்று.

"உன்ன யாருடி தொடைக்கச் சொன்னா?" என்றார் வீட்டுக்காரர்.

"நல்லதுக்குத்தான மாமா செஞ்சேன்."

"நல்லதாம் நல்லது! எடுத்தவதான, திரும்ப வையி பாப்போம்."

எடுத்த கறையைத் திரும்ப வைக்க எவளுக்குத் தெரியும்? ஆனாலும் ஒரு யோசனை வந்தது. வெட்டிவேரை எண்ணெயில் ஊறப்போட்டு, தலையில் வழிய வழியத் தேய்த்துக்கொண்டு, முதலாளி மதியம் கண் அசரும் நேரத்தில் போய் அந்த இடது பக்கச் சீட்டில் சாய்ந்து உட்கார்ந்தேன். பத்து நாள் இந்தக் கூத்து. நடுவில் வீட்டுக்காரர் பார்த்துவிட்டார்.

"இங்க என்னாடி பண்ற?"

"கோயிலுக்குப் போறேன். வண்டிய எடு மாமா."

சிரிப்பதா, தலையில் அடித்துக்கொள்வதா என்று தெரியாமல் நின்றார் மனுஷன்.

கறை வந்துவிட்டது. அதே கறுப்பு, அதே வாசனை. ஆனால் நாலு விரல் மேலே. முதலாளியம்மா குள்ளம், நான் பனைமரம். சரிந்து உட்கார்ந்து பார்த்தேன், கால் மரத்துப்போனதுதான் மிச்சம்.

வீட்டுக்காரர் கெஞ்சிக் கூத்தாடி முதலாளியை அழைத்து வந்தார். கதவைத் திறந்ததும் வெட்டிவேர் வாசனை. அவர் முகம் ஒரு நொடி மலர்ந்தது. கை தானாகப் பழைய இடத்தைத் தேடிப் போயிற்று. அங்கே ஒன்றும் இல்லை. கறை அதற்கு மேலே இருந்தது. திரும்பி என்னைப் பார்த்தார். என் நெற்றியில் எண்ணெய் வழிந்துகொண்டிருந்தது.

"அவ இவ்ளோ ஒசரம் இல்லம்மா," என்றார். குரலில் கோபமே இல்லை. "தொடச்சிடு."

துடைத்தேன். பவுடர் போட்டேன், நுரை போட்டேன், அரிசி மாவு போட்டேன். முப்பது தடவையாவது போட்டிருப்பேன். பத்து நாளாக வழியவிட்ட எண்ணெய் தோலின் அடிவரைக்கும் இறங்கிவிட்டது. அந்த அம்மாவின் கறை மூன்றே தடவையில் போனது. என் கறை போகவேயில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை முதலாளி முன்சீட்டில் டிரைவர் பக்கத்தில் ஏறிக்கொண்டார். கடைசிவரைக்கும் பின்சீட்டில் உட்காரவில்லை.

அவரும் போனார், என் வீட்டுக்காரரும் போனார். மில் இருந்த இடத்தில் கல்யாண மண்டபம் கட்டிவிட்டார்கள். வண்டியைத் திட்டக்குடிப் பக்கம் யாரோ வாங்கிப்போனதாகக் கேள்வி. எந்த மரத்தடியில் துருப்பிடித்துக் கிடக்கிறதோ. கிடந்தால், டிரைவர் பெண்டாட்டி தலை வைத்த இடம் அதில் இன்னும் இருக்கும். அந்த அம்மா தலை வைத்த இடம்தான் எங்கேயும் இல்லை.